ஒற்றைக் குஞ்சுக்கு ஒரு தாய்

கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்று நம் முன்னோர் கேட்டு வைத்தனர். சாகாது என்பதே அவர்தம் கருத்து. ஆயின் எந்தக் கோழி, எவருடைய குஞ்சு என்பதை அவர்கள் சொல்லாமல் விட்டுவிட்டனர். தன் குஞ்சை மிதித்தும் கொல்லாத அதே கோழி, அயலான் வீட்டுக் குஞ்சொன்று தன் சிறகருகே வந்து நின்றால், ஓரிரு கொத்தில் அதன் கதையை முடித்துவிடும். இதனை ஏட்டில் படித்து நான் எழுதவில்லை. கண்ணால் கண்டு, அதற்கு நானே காரணமாகவும் இருந்து எழுதுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் நான் பணியாற்றிய காலத்தில், இல்லத்துக் கொல்லையில் ஒரு குஞ்சு தனித்து நின்று கத்திக்கொண்டிருந்தது. அதன் தாயைக் கீரி கொண்டுபோய்விட்டது. சற்றுத் தொலைவில் அடுத்த வீட்டுக் கோழி எட்டுக் குஞ்சுகளோடு மேய்ந்துகொண்டிருந்தது. எட்டோடு ஒன்பதாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று எண்ணி, பட்டப்பகலில், அந்தக் கூட்டத்தின் நடுவே குஞ்சை இறக்கிவிட்டேன். கோழி தலையைச் சாய்த்து ஒருமுறை பார்த்தது. மறு நொடி குஞ்சு மல்லாந்து கிடந்தது. நான் குனிந்து எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தர்க்க நூலும் மெய்யியலும் ஆண்டுக்கணக்கில் பயின்றவன், கோழியின் தர்க்கத்தை அறியாதிருந்தேன்.

இந்தப் பழைய தவறு, சென்ற தை மாதக் கடைசியில் மீண்டும் என் நினைவுக்கு வந்தது. உத்திரமேரூர் வட்டத்துச் சாலவாக்கத்தில் எனக்கு அறிமுகமான ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தேன். சம்பா அறுவடை முடிந்து, களத்தில் சிந்திய நெல்லைப் பொறுக்கக் கோழிகள் தெருவெங்கும் திரிந்த நேரம். வீட்டில் பாட்டியும் நான்காம் வகுப்புப் படிக்கும் பேத்தியும் இருந்தனர். சிறுமியின் தாய் ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு விடியற்காலையில் பேருந்தேறிச் செல்பவர். திண்ணையில் ஓர் அட்டைப் பெட்டி. அதனுள் ரோசா நிறத்தில் ஒரு கோழிக்குஞ்சு. அது கத்திய கத்தல் தெருமுனைவரை கேட்டது.

“சாமி, இத எங்க ஆயாவோட கோழிகிட்ட வுட்டா ஏத்துக்குமா?” என்று சிறுமி கேட்டாள்.

மிதிவண்டியில் கூடை கட்டிக்கொண்டு வரும் வியாபாரியிடம் பத்து ரூபாய் கொடுத்து வாங்கினாளாம். இத்தகைய சாயக் குஞ்சுகளைத் திருவிழாக் கடைகளிலும் பள்ளி வாயில்களிலும் வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். அவை எங்கிருந்து வருகின்றன என்று நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நாமக்கல் போன்ற இடங்களில் முட்டைக்கோழி வளர்ப்புப் பெருந்தொழிலாக நடைபெறுகிறது. அத்தொழிலுக்கான குஞ்சுகளைப் பொரிப்பகங்களில் எந்திரம் பொரிக்கிறது. பொரித்த அன்றே ஆணையும் பெண்ணையும் பிரித்துவிடுவர். ஒருநாட் குஞ்சைத் திருப்பிப் பார்த்தே ஆணா பெண்ணா என்று சொல்லும் வித்தையை 1920-களில் சப்பானியர் கண்டறிந்தனர். அது உலகெங்கும் பரவியது. பெண் குஞ்சு பண்ணைக்குப் போகும். ஆண் குஞ்சு முட்டையிடாது. கறிக்கென வளர்த்தால் தின்ற தீவனத்திற்குக் கூட ஈடாகாது. ஆகவே அதற்குத் தொழிலில் இடமில்லை. பெரும்பாலானவை அழிக்கப்படுகின்றன. சில சாயத்தில் தோய்க்கப்பட்டுத் தெருவுக்கு வருகின்றன. பத்து ரூபாய்க்குக் குழந்தை ஒன்று வாங்கி மகிழ, அது மூன்றாம் நாள் குளிரிலோ பசியிலோ இறந்துபோக, குழந்தை அழுது ஓய்கிறது. பிள்ளைக்கு விளையாட்டுப் பொருளாக உயிரை வாங்கிக் கொடுக்கும் பெற்றோரிடம் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் இங்கே வாங்கியவள் சிறுமியே. அதுவும் தன் கைக்காசில். அவளைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை.

சிறுமியின் கேள்விக்குப் பாட்டியே விடையளித்தார். “அடை வெச்சுப் பதிமூணு நாளுதான் சாமி ஆவுது. இப்ப இத வுட்டா, ஒண்ணு கொத்திப் போட்டுடும். இல்லாட்டி முட்டைய வுட்டுட்டு இது பின்னாடி எழுந்து போயிடும். பதினோரு முட்டையும் வீணாப் போயிடும்.”

அந்த அம்மையார் எழுதப் படிக்க அறியாதவர். எனினும் இந்தப் பிரச்சினையின் முழு வடிவத்தையும் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். கோழிமுட்டை பொரிய இருபத்தொரு நாள். அடைக்கோழி அத்தனை நாளும் ஒரே மனநிலையில் இருப்பதில்லை. அதன் உடலில் புரோலாக்டின் என்னும் சுரப்புநீர் மிகுந்து, முட்டையிடுவது நின்று, கொண்டை சுருங்கி வெளிறி, மார்பு இறகுகள் உதிர்ந்து வெறுந்தோல் முட்டையின்மீது படிய, நாளுக்கொரு முறை மட்டும் எழுந்து தீனி பொறுக்கித் திரும்பி வந்து அமரும். முதல் இரு வாரங்களில் அதன் கவனம் முழுவதும் முட்டையின்மேல். பத்தொன்பது, இருபதாம் நாளில்தான் ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சின் குரல் கேட்கத் தொடங்குகிறது. தாய் தாழ்ந்த குரலில் விடை கூறுகிறது. குஞ்சை ஏற்கும் மனம் அப்போதுதான் முற்றுகிறது. அன்றிரவு வைத்த குஞ்சை அது தன்னுடையதென்றே கொள்ளும். எட்டு நாள் முந்தி வைத்தால் என்ன நேரும் என்பதற்குப் பாட்டி சொன்னதே சரி.

எட்டு நாள் பொறுக்கலாமே எனில், குஞ்சு பொறுக்காது. அது வேறொரு கணக்கு. அதற்குப் பின்னர் வருகிறேன். கோழியின் நாளும் குஞ்சின் நாளும் ஒன்றுக்கொன்று பொருந்தவேண்டும் என்பதே இக்காரியத்தின் உயிர்நாடி. கனிவு, பொறுமை, தீனி எல்லாம் அதற்கு அடுத்தவை.

பதினோரு முட்டை என்றால் பட்டணத்து வாசகர்களுக்கு அற்பமாகத் தோன்றலாம். அந்த வீட்டில் அஃது அற்பமன்று. பாட்டியின் கோழி சிறுவிடை இனம். பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைக்கு உட்காரும். பண்ணையின் வெள்ளை லெகார்ன் ஆண்டுக்கு முந்நூறு முட்டை இடக்கூடியது. ஆனால் அடைகாக்கும் குணத்தை அதன் பரம்பரையிலிருந்தே மனிதன் நீக்கிவிட்டான். சிறுவிடையோ குறைவாக இட்டு, தானே பொரித்து, தானே வளர்க்கும். நன்கு வளர்ந்த நாட்டுச் சேவல் ஒன்று பல நூறு ரூபாய்க்கு விலை போகும். ஆண்டுதோறும் பேத்தியின் நோட்டுப் புத்தகமும் செருப்பும் அக்கூடையிலிருந்தே வருகின்றன என்று பாட்டி சொன்னார். பத்து ரூபாய்க் குஞ்சுக்காக அதைப் பணயம் வைக்க நான் எப்படிச் சொல்வேன்?

பாட்டி கோழியை எப்படி அடை வைத்திருந்தார் என்பதையும் கூறவேண்டும். மூங்கில் கூடையில் மணல் பரப்பி, அதன்மேல் வைக்கோல். ஒற்றைப்படையில்தான் முட்டை. கூடையின் ஓரத்தில் ஓர் இரும்பு ஆணி, ஒரு கரித்துண்டு, இரண்டு காய்ந்த மிளகாய். இடி இடித்தால் முட்டை கெடாதிருக்க இவை காப்பு என்பது நம் கிராமத்து நம்பிக்கை. இரும்புக்கும் இடிக்கும் என்ன உறவோ, நான் விவாதிக்கவில்லை. மணலும் வைக்கோலும் முட்டை உருளாமலும் சூடு ஒரு சீராகவும் இருக்கச் செய்கின்றன, அது போதும். அடை வேண்டாத காலத்தில் கோழியின் மூக்கில் இறகைச் செருகி அடையைக் கலைக்கும் வழக்கமும் உண்டு. அதனை நான் விரும்புவதில்லை. கோழியை நான்கைந்து நாள் வைக்கோல் இல்லாத, காற்றோட்டமான கூண்டில் அடைத்து வைத்தாலே அடை தானாகக் கலையும்.

நிற்க. வழி ஒன்று பிறந்தது. மூன்று வீடு தள்ளி மற்றொரு பெண்மணியின் கோழிக்கு அன்று பத்தொன்பதாம் நாள் என்று பாட்டி நினைவுகூர்ந்தார். இன்னும் இரண்டு நாளில் பொரிக்கும். அதுவரை இந்தக் குஞ்சை உயிரோடு வைத்திருந்தால் போதும். ஆனால் அந்தப் பெண்மணி உடனே இசையவில்லை. “பண்ணைக் குஞ்சு சாமி. என்ன சீக்கு கொண்டாருதோ!” என்றார். அவர் அச்சம் நியாயமானது. வெளியிலிருந்து வரும் குஞ்சு நோயைச் சுமந்து வந்து ஒரு வீட்டுக் கோழிகளையே வாரிக்கொண்டு போனதுண்டு. இரண்டு நாள் தனியே வைத்துப் பார்ப்பது, கழிச்சலோ தூங்கி விழுவதோ இருந்தால் விட்டுவிடுவது என்று உடன்பாடாயிற்று. மேற்கொண்டு தங்கவேண்டியதில்லாத நானும், ஏனோ, இரண்டு நாளும் அவ்வழி வந்துபோனேன்.

முதலில் குஞ்சின் வயதை அறியவேண்டும். வியாபாரி சொல்வது வியாபாரியின் கணக்கு. குஞ்சின் மேல் அலகின் நுனியைப் பாருங்கள். ஓட்டை உடைத்து வெளிவரப் பயன்பட்ட வெண்மையான ஒரு சிறு முள் அங்கே இருக்கும். சில நாட்களில் அஃது உதிர்ந்துவிடும். சிறுமியின் குஞ்சுக்கு அது இன்னும் இருந்தது. இறக்கை இறகுகளும் முளைவிடும் நிலைதான். இரண்டு அல்லது மூன்று நாள் வயது என்று கொண்டோம்.

பொரிக்குமுன் முட்டையின் மஞ்சட்கரு குஞ்சின் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டுவிடுகிறது. அந்தக் கட்டுச்சோறு இரண்டு மூன்று நாளுக்குத் தாங்கும். அமெரிக்க அஞ்சல் துறை 1918 முதல் ஒருநாட் குஞ்சுகளைப் பார்சலாகவே ஏற்றுக் கொண்டுசென்றது இதனை நம்பித்தான். நம் குஞ்சு அந்தக் கட்டுச்சோற்றை வழியிலேயே உண்டு முடித்திருக்கும். ஆகவே முதல் வேலை தண்ணீர். வெதுவெதுப்பான நீரில் சிறிது வெல்லம் கரைத்து, ஆழமில்லாத மூடி ஒன்றில் கூழாங்கற்களைப் போட்டு ஊற்றினோம். கல் இல்லையேல் குஞ்சு விழுந்து நனையும். நனைந்த குஞ்சு பிழைப்பதரிது. சாயத்தைக் கழுவிவிட்டால் கோழி ஏற்குமே என்று சிறுமி குளிப்பாட்ட முனைந்தாள். நல்லவேளை, பாட்டி கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்தது சூடு. பிறந்த குஞ்சு தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள வல்லதன்று. முதல் வாரத்தில் அதன் இருப்பிடம் ஏறத்தாழ 35 பாகை செல்சியசு வெப்பத்தில் இருக்கவேண்டும்; பிறகு வாரத்திற்கு மூன்று பாகை வீதம் குறைத்துக்கொள்ளலாம். சித்திரையில் காஞ்சிபுரம் மாவட்டத்தின் நடுப்பகல் இதைத் தானே தந்துவிடும். தை மாத விடியற்காலை தராது. பத்துக் குஞ்சுகள் இருந்தால் ஒன்றையொன்று நெருங்கிப் படுத்துச் சூட்டைப் பங்கிட்டுக்கொள்ளும். தனிக் குஞ்சுக்குப் பங்கிட யாருமில்லை. அது கத்துவது பசியால் அன்று. பெரும்பாலும் குளிரால், அல்லது தனிமையால்.

முற்காலத்தில் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டால் போதுமாயிருந்தது. இப்போது வீடுகளில் எல்.இ.டி. விளக்குகளே உள்ளன. அவை ஒளி தருமேயன்றிக் குஞ்சுக்கு வேண்டிய சூட்டைத் தருவதில்லை. மின்கட்டணத்திற்கு நல்லது; குஞ்சுக்கு ஆகாது. ஆகவே சுடுநீர் நிரப்பிய புட்டி ஒன்றைப் பழைய வேட்டியில் சுற்றிப் பெட்டியில் வைத்தோம். இரவில் மும்மணிக்கு ஒருமுறை மாற்றவேண்டும். பாட்டி மாற்றினார்.

சூடு சரிதானா என்பதற்கு வெப்பமானி தேவையில்லை. குஞ்சு புட்டியோடு ஒட்டிக்கொண்டு ஓயாது கத்தினால் குளிர். மூலைக்கு ஓடி வாயைத் திறந்து இறக்கையை விரித்து நின்றால் சூடு அதிகம். நடுவில் படுத்து மெல்லிய குரலில் முனகினால் சுகம்.

குஞ்சு சூட்டைக் காலடியில் தேடுவதில்லை, முதுகின்மேல் தேடுகிறது. தாயின் மார்பும் சிறகும் மேலிருந்தன்றோ அதனைப் போர்த்துகின்றன! பிரான்சு நாட்டு அறிஞர் ரெயோமூர் 1749-இல் வெளியிட்ட நூலில், உள்ளே ஆட்டுரோமத் தோல் வைத்துச் சாய்வாக அமைத்த ஒரு ‘செயற்கைத் தாய்’ பற்றி விளக்கியிருக்கிறார். குஞ்சுகள் அதனடியில் நுழைந்து முதுகை உராய்த்துக்கொண்டு உறங்கினவாம். நாங்கள் ரெயோமூர் அளவுக்குப் போகவில்லை. பெட்டியின் ஒரு பக்க மூடியிலிருந்து பழைய கம்பளித் துண்டைக் கீற்றுக் கீற்றாக வெட்டித் தொங்கவிட்டோம். குஞ்சு அதற்குள் புகுந்தது. தெருமுனைவரை கேட்ட கத்தல் அடங்கிற்று. அன்று அந்த வீட்டில் யாவரும் கொண்ட நிம்மதியைச் சொல்லி முடியாது.

பெட்டியின் அடியில் செய்தித்தாளை மட்டும் விரிக்காதீர்கள். வழுக்கிக் கால்கள் இரு பக்கமும் பரந்து ஊனமாகிவிடும். சாக்குத் துணி நன்று. தீனியாக, வேகவைத்த முட்டையின் மஞ்சட்கருவை உதிர்த்து, நொய்யோடும் உடைத்த கேழ்வரகோடும் கலந்து கொடுத்தோம். வெறும் நொய் வயிற்றை நிரப்புமேயன்றி உடலை வளர்க்காது. ஆனால் குஞ்சு தின்னத் தெரியாமல் நின்றது. தாய்க்கோழி ஒன்றைக் கொத்திக் காட்டிக் ‘கொக் கொக்’ என்று அழைத்தாலன்றோ குஞ்சுக்குத் தீனி எதுவெனத் தெரியும்! சிறுமியிடம் விரல் நுனியால் தீனியின்மேல் டக் டக்கென்று தட்டச் சொன்னேன். நான்காவது தட்டில் குஞ்சும் கொத்தியது. அவள் சிரித்த சிரிப்பைக் கண்டு, செய்யக்கூடாத ஒன்றைச் செய்துவிட்டேனோ என்ற ஐயம் எனக்கு எழுந்தது. அந்த ஐயம் பொய்க்கவில்லை.

முன்பு சொன்ன குஞ்சின் கணக்கு இதுதான். பிறந்த முதல் இரண்டு மூன்று நாளில், தன் கண்முன் அசையும் பெரிய உருவம் எதுவோ அதனையே குஞ்சு தாயென்று மனத்தில் பதித்துக்கொள்கிறது. ஆங்கிலேயரான டக்ளசு ஸ்பால்டிங் 1873-இல் இதனை எழுதினார். முட்டையினின்று வெளிவந்த குஞ்சுகளுக்கு முகமூடி இட்டு, மூன்றினை ஏறத்தாழ நான்கு நாள்வரை இருளிலேயே வைத்திருந்தார். முகமூடியை நீக்கியதும் அவை அவரைக் கண்டு நடுங்கி ஓடின. ஒருநாள் முன்னதாக நீக்கியிருந்தால் அவர் பின்னாலேயே ஓடிவந்திருக்கும் என்பது அவர் முடிவு. ஆசுதிரியரான கொன்ராட் லோரென்சு 1935-இல் இதனை விரிவாக விளக்கினார். வாத்துக் குஞ்சுகள் அவரையே தாயெனத் தொடர்ந்த படங்களைச் சிலர் பார்த்திருக்கலாம். 1973-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆக, கோழி எட்டு நாள் கழித்து ஆயத்தமானாலும், குஞ்சின் மனக்கதவு அதற்குள் சாத்தப்பட்டுவிடும். அது கோழியைக் கண்டு ஓடும். ஓடுகிற குஞ்சைக் கோழி துரத்திக் கொத்தும். என் எட்டோடு ஒன்பது அவ்வாறுதான் முடிந்தது.

இங்கே நாள்கள் ஓடிக்கொண்டிருந்தன. குஞ்சு சிறுமியின் காலடியைத் தொடரத் தொடங்கிவிட்டது. அவள் எழுந்தால் எழும். அமர்ந்தால் பாவாடை மடிப்பில் புகும். அவளும் பள்ளிக்குப் போக மனமின்றி நின்றாள். பாட்டி என்னைப் பார்த்தார். இனி ஒரு நாளும் தாழ்த்தக்கூடாது என்பது இருவருக்கும் விளங்கிற்று.

அதிர்ட்டவசமாக அந்த வீட்டுக் கோழி கணக்குத் தவறவில்லை. இருபத்தொராம் நாள் மாலைக்குள் ஏழு குஞ்சுகள் பொரிந்துவிட்டன. நம் குஞ்சுக்குக் கழிச்சலோ சோர்வோ இல்லை. பின்புறத்தில் எச்சம் ஒட்டியிருந்ததைப் பாட்டி வெந்நீர்த் துணியால் துடைத்துவிட்டிருந்தார். வீட்டுக்காரப் பெண்மணி குஞ்சைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏழோட எட்டு, வெச்சுக்கலாம்” என்றார்.

இரவு ஒன்பது மணி. விளக்கை அணைத்து, கைவிளக்கைத் துணியால் மூடிக்கொண்டோம். கோழிக்கு இருளில் பார்வை மிகவும் மங்கல். முன்னதாகவே குஞ்சைக் கையில் வைத்துச் சூடேற்றிக் கொண்டார் பாட்டி. குளிர்ந்த குஞ்சு கத்தும், புதிய குரலில் கத்தினால் கோழி விழித்துக்கொள்ளும். பிறகு பின்புறமாகச் சென்று, சிறகின் கீழ் கையை மெல்ல நுழைத்து, உள்ளே இருந்த ஓர் ஓட்டை எடுத்துக்கொண்டு, குஞ்சை விட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். கோழி ‘குர்ர்’ என்றது. உடலை ஒருமுறை உயர்த்திச் சரி செய்துகொண்டது. நாங்கள் மூச்சைப் பிடித்து நின்றோம். கால்மணி நேரம் கழித்துக் காதை வைத்துக் கேட்டால், உள்ளேயிருந்து பல குரல்கள். எது ரோசாக் குஞ்சின் குரலென்று தெரியவில்லை. தெரியாமற்போனதே நல்ல அறிகுறி.

ஆபத்தான வேளை இரவன்று, விடியல். வெளிச்சம் வந்து கோழி குஞ்சுகளைக் கண்ணால் காணும்போது அருகில் ஆள் இருந்தே தீரவேண்டும். நான் ஐந்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது பாட்டி ஏற்கெனவே கூடையருகே முக்காடிட்டு அமர்ந்திருந்தார். வெளுத்து வந்தது. கோழி எழுந்தது. சிறகடியிலிருந்து மஞ்சளும் பழுப்புமாக ஏழு. அவற்றிடையே ரோசா நிறத்தில் ஒன்று. கோழி தலையைச் சாய்த்தது. அதே சாய்வு! என் கை தன்னறியாமல் நீண்டது. பாட்டி தடுத்தார். கோழி குஞ்சின் தலையை மெல்லத் தட்டியது, கொத்தவில்லை. குஞ்சு குனிந்து மார்படியில் புகுந்துகொண்டது. வலுவாகக் கொத்தினால் உடனே எடுத்துவிட வேண்டும். இப்படி ஓரிரு தட்டல் இருந்தால் பொறுத்துப் பார்க்கவேண்டும். இந்த வேறுபாட்டைப் புத்தகம் சொல்லித்தராது.

ஏன் ஏற்றது? ரோசா நிறம் கண்ணில் படாமலா இருந்திருக்கும்? கோழிக்கு நிறம் நன்றாகவே தெரியும். சில நாள் பழகிய கோழி தன் குஞ்சுகளின் நிறத்தையும் அறிந்து, நிறம் மாறிய குஞ்சைத் தள்ளும். ஆனால் பொரித்த முதல் நாளில் அதற்கு வழிகாட்டி கண்ணன்று, காது. கண்ணாடிக் கூண்டினுள் தவிக்கும் குஞ்சைக் கண்ணால் கண்டும் அசையாத கோழி, மறைவிலிருந்து குஞ்சின் குரல் மட்டும் கேட்டால் பதறி ஓடுகிறது என்பதை ஆய்வாளர் காட்டியுள்ளனர். வான்கோழிகளைக் கொண்டு செய்து 1960-இல் வெளிவந்த ஆய்வோ இன்னும் கொடியது. காது கேளாத தாய் வான்கோழிகள் தாம் பொரித்த குஞ்சுகளையே கொன்றுவிட்டன. குரல் எட்டாததால் அவற்றுக்கு அவை குஞ்சுகளாகத் தோன்றவில்லை. ஒரே இரவு ஒரே சிறகடியில் கேட்ட குரலுக்கு விடிந்தபின் எந்த நிறமும் தடையாக இல்லை.

எருசலேமைப் பார்த்து ஆண்டவர் கூறிய உவமையில் கோழியும் குஞ்சும் வருவதை நம் வாசகர் அறிவர். அங்கேயும் சேர்க்க விரும்பாதது கோழியன்று. வர விரும்பாதது குஞ்சே. சாலவாக்கத்திலும் அதுவே நடந்தது. கோழி ஏற்றுக்கொண்டது, குஞ்சு ஏற்றுக்கொள்ளவில்லை. கோழி நொய்யைக் கொத்திக் காட்டி அழைத்தபோது ஏழும் ஓடின. எட்டாவது, கதவோரம் நின்ற சிறுமியின் காலைக் கண்டு அங்கே ஓடிற்று. அவள் வாரி எடுத்துக்கொள்ளக் குனிந்தாள்.

“தொடாதடி,” என்றார் பாட்டி. “நீ இருக்கிற வரைக்கும் அதுக்கு அது அம்மா இல்ல.”

சிறுமி ஒன்றும் சொல்லவில்லை. புத்தகப் பையை எடுத்துக்கொண்டு அன்று நேரத்தோடு பள்ளிக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் அந்தப் பக்கம் வரவில்லை என்று பின்னர் அறிந்தேன். ஒன்பது வயதுக் குழந்தைக்கு அது எத்தகைய காரியம் என்பதைப் பிள்ளை பெற்றவர்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள்.

கோழியையும் எட்டுக் குஞ்சுகளையும் பஞ்சாரத்தால் மூடி வைத்தார்கள். ஓடிப்போக இடமில்லை. குளிர்ந்தால் ஒதுங்க ஒரே ஒரு சிறகுதான். முதல் நாள் பகலில் ரோசாக் குஞ்சு பஞ்சாரத்தின் ஓரத்தில் நின்று வெளியே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. மாலைக் குளிர் அதனை உள்ளே தள்ளியது. இரண்டாம் நாள், கோழி அழைத்தபோது மற்றவை ஓடுவதைக் கண்டு தானும் ஓடிற்று. மூன்றாம் நாள் பஞ்சாரத்தைத் தூக்கியபோது வரிசையில் ஆறாவதாக நடந்தது.

இனி, இதனை முயல விரும்புவோர்க்கு வேறு சில. அடைக்கோழிக்குப் பேன் இருந்தால் புதிய குஞ்சையும் அது பற்றிக்கொள்ளும். முன்கூட்டியே சாம்பலில் புரளவிட்டு, கூடையில் வேப்பிலை இடுங்கள். தீனிக்கு நம்மவர் கண்ட அருமையான வழி கரையான். பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், வைக்கோல் இவற்றை நிரப்பி, நீர் தெளித்து, மாலையில் தரையில் கவிழ்த்து வையுங்கள். விடியலில் பானை நிறையக் கரையான். எந்தக் கடைத் தீவனத்துக்கும் அது குறைந்ததன்று. வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோய் வந்தால் மருந்தில்லை. வருமுன் காப்பதே உண்டு. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டும், எட்டாவது வாரத்தில் ஊசியும் என்பது முறை. ஒரு குஞ்சுக்காகப் புட்டியை உடைக்கமாட்டார்கள். தெருவார் சேர்ந்து போங்கள். கால்நடை மருந்தகத்தில் கேட்கலாம். அல்லது காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நிலையம் உள்ளது. 2019-இல் மாவட்டம் பிரிந்தபின் அவ்வூர் செங்கற்பட்டில் சேர்ந்துவிட்டாலும் நம் பக்கத்தாருக்குத் தொலைவன்று. அடைக்கோழியே அகப்படாவிடில், தனிக் குஞ்சுக்கு ஒத்த வயதில் இன்னொரு குஞ்சையேனும் தேடிக் கொடுங்கள். கண்ணாடி வைத்து ஏமாற்றுவதெல்லாம் ஒரு நாளைக்குத்தான்.

பாட்டியின் கோழி தன் நாளில் ஒன்பது பொரித்தது, இரண்டு கூமுட்டை.

சித்திரையில் மீண்டும் சாலவாக்கம் போயிருந்தேன். ரோசாக் குஞ்சை அடையாளம் காணமுடியவில்லை. சாயமேறிய பூந்துய் உதிர்ந்து, வெண்ணிற இறகு முளைத்து, சிவந்த கொண்டையோடு நெட்டைக் கால்களில் நின்றது ஒரு சேவல். சிறுமி அழைத்தாள், அது திரும்பிப் பார்த்துவிட்டு மேயப் போயிற்று. வளர்த்த கோழி மறுபடி முட்டையிடத் தொடங்கியிருந்தது. அப்போது கோழிகள் வளர்ந்த குஞ்சுகளை அண்டவிடா. தீனி போட்டதும் அது தன் ஏழையும் ஒவ்வொன்றாகக் கொத்தி விரட்டியது. பிறகு வெள்ளைச் சேவலையும் அதே வேகத்தில் கொத்தி விரட்டியது.

“பாத்தீங்களா சாமி,” என்றாள் சிறுமி, “எல்லாத்தையும் ஒண்ணாத்தான் தொரத்துது!”